ஒரு கையெழுத்து வாங்கிவரச் சொன்னேன்

என் நாற்காலியிலிருந்து பார்த்தால் வராந்தாவின் எதிர்வரிசையில் மூன்றாவது அறையின் கதவு தெரியும். துறைத் தலைவராக இருந்த ஒன்பது ஆண்டுகளும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். அந்தக் கதவைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அறை எனக்கு அடுத்த நிலையில் இருந்த பேராசிரியருடையது. ஆற்று நீர் மாசுபடுவது அவருடைய ஆராய்ச்சி. அவரைக் கைடாகக் கொண்டு பிஎச்.டி. செய்துகொண்டிருந்த பெண் ஒரு நாள் மத்தியானம் என்னிடம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைடை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாள்.

“ஏம்மா, ரெண்டு வருஷம் ஓடிப்போச்சே?”

“சாம்பிள் எடுக்கணும்னு முக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போறார் சார். வேற யாரும் வரவேண்டாம்னு சொல்லிடறார். போன வாரம் கார்ல வச்சு என்னைத் தொட்டார். கைய எடுங்க சார்னு சொன்னேன். எடுக்கல.”

மேஜைக் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது.

எனக்கு அது புதுச் செய்தியும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் டீ வரும் நேரத்தில் யாராவது அவரிடம், “என்ன சார், இந்த வாரம் முக்கொம்புல தண்ணி எப்படி?” என்று கேட்பார்கள். “நல்லாத்தான் இருக்கு, நீங்க வந்து கலக்காம இருந்தா சரி” என்பார் அவர். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

கைடை மாற்றும் படிவத்துக்கு நான்கு கையெழுத்துகள் வேண்டும். மாணவி, புதிய கைடு, ‘ஆட்சேபணை இல்லை’ என்று பழைய கைடு, கடைசியாகத் துறைத் தலைவர். முதல் இரண்டும் அவளிடம் இருந்தன.

“அவர் கையெழுத்து இல்லாம நீங்க அனுப்ப முடியாதா சார்?”

முடியும். ஒரு குறிப்பு எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பியிருக்கலாம். மாணவிகளின் புகாரை விசாரிக்கக் கமிட்டி இருந்தது. அதன் போர்டே என் அறை வாசலில்தான் மாட்டியிருந்தது. ஆனால் அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. பென்சிலை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தின் பக்கத்தில் ‘இங்கே கையெழுத்து பெற்று வரவும்’ என்று எழுதி, என் இனிஷியலையும் தேதியையும் போட்டேன்.

“முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா. முதல்ல இத வாங்கிட்டு வாம்மா. காரணம்ங்கிற இடத்துல சொந்தக் காரணம்னு எழுதிடு.”

யாரிடமிருந்து தப்பிக்க என்னிடம் வந்தாளோ அவரிடமே, கையில் ஒரு தாளைக் கொடுத்து, நான்தான் அவளை அனுப்பினேன்.

அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. இருபது நிமிடம். எழுந்து போய்த் தட்டுவதற்கு இருபது அடி தூரம்கூட இல்லை. ஒரு ஃபைலைப் பிரித்துவைத்துக் குனிந்துகொண்டேன். நடுநடுவே நிமிர்ந்து கதவைப் பார்த்தேன். மாடிப்படிக்குப் போக என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டியபோது அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து வரவில்லை. ஆறு மாதம் கழித்து, ‘தொடர்ந்து வராததால் பதிவு ரத்து’ என்ற தாள் என் மேஜைக்கு வந்தது. அதற்கு இரண்டே கையெழுத்துதான் தேவைப்பட்டது. அவர் போட்டிருந்தார். நானும் போட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராம். அதே பேராசிரியர் மேல் இப்போது வேறொரு மாணவி புகார் கொடுத்திருக்கிறாள்.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல என்மேல ஒரு பேச்சு வந்ததில்லைன்னு கமிட்டியில சொல்றாராம் சார். அந்தப் பொண்ணு சொல்றத யாரும் நம்பல.”

பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினாள். மூன்றாவது கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.

“இது உங்க எழுத்துதானே சார்?”

பென்சில் மங்கியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. “ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. என் மனைவி கொடுத்த காபியை முழுதும் குடித்தாள். “போயிட்டு வரேன் சார்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மனைவி டம்ளரை எடுக்கும்போது, “உங்க எழுத்துன்னு எட்ட நின்ன எனக்கே தெரியறது” என்றாள். அதற்குமேல் அன்று முழுக்க என்னுடன் பேசவில்லை.

மறுநாள் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு காலி வகுப்பில் உட்காரவைத்தாள். நின்றபடியே கடிதத்தைப் படித்தாள்.

“‘சில சிரமங்கள் இருப்பதாகத் தெரிவித்தார்’னு எழுதியிருக்கீங்க. சிரமம்னு நான் சொல்லல சார். என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நேத்து?”

கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தேன். பரீட்சைப் பேப்பர் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். அன்று அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். முக்கொம்பு, கார், கையை எடுக்காதது. நான் எந்தக் காரணத்தை எழுதச் சொன்னேன் என்பதையும் எழுதினேன். அதற்குக் கீழே, அவள் கேட்காமலே, மூடிய கதவையும் இருபது நிமிடத்தையும் எழுதினேன்.

படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

“கதவு மூடியிருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“பாத்துட்டுதான் இருந்தேன்.”

ஏதோ ஒரு பெஞ்சை நகர்த்தி நேராக்கினாள்.

“நீங்க அப்ப கிளாஸுக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன் சார். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.”

பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினாள். “கையெழுத்துப் போடுங்க. வெள்ளிக்கிழமை கமிட்டி. அந்தப் பொண்ணும் இருப்பா. நீங்களே வாசிக்கணும்.”

வாசித்தேன். புகார் கொடுத்த பெண் கடைசி நாற்காலியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். முடித்ததும் கமிட்டித் தலைவி, “நீங்க ஏன் எழுந்து போகலை?” என்று கேட்டார். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இதற்குச் சில பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல முடியவில்லை.

“போயிருக்கணும்” என்றேன். அதை எழுதிக்கொண்டு, அதற்குக் கீழே என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள்.