உள்ளங்கையில் சர்க்கரை

ஒற்றர்களைப் பற்றிய அருங்காட்சியகத்தில் ஒரு பலகையை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். சாப்பிடும் பழக்கத்தை மாற்ற மறந்து மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றியது. எனக்குப் பழைய டீக்கடை ஒன்று நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையில் சிலோன்காரர்களைப் போலீஸார் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டில், போலீஸில் பதியாமல், யாழ்ப்பாணத்துக் குகன் அண்ணன் தங்கியிருந்தார். ஒற்றரெல்லாம் இல்லை, கனடாவில் இருந்த அக்காவிடம் போகக் காத்திருந்தவர்.

"எவனாச்சும் கேட்டா தூத்துக்குடின்னு சொல்லு நைனா" என்பார் அப்பா.

"தூத்துக்குடியை நான் கண்டதே இல்லை, அண்ணை."

"கேக்குறவன் மட்டும் பாத்துக்கீறானா? சொல்லு!"

ஒரு நாள் காலை வீட்டுக்கு டீ வாங்க என்னோடு கடைக்கு வந்தார். கருவாட்டு வாடையும் மண்ணெண்ணெய்ப் புகையுமாக இருந்தது. பால் ஊற்றாத டீயை வாங்கி, சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டி, நக்கி நக்கிக் குடித்தார், அவர் ஊரில் குடிப்பது போலவே.

பெஞ்சிலிருந்த புது ஆள் பேப்பரை மடித்தான். "சக்கரை கையிலயா? இன்னா பழக்கம் தம்பி இது? எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

அவன் சிரித்தான். "வா, கொஞ்சம் பேசிட்டு வரலாம்."

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே அவனோடு போனார். திரும்பியிருந்தால் எங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள்.

"அப்புறம் அந்த ஆளை இன்னா பண்ணாங்கன்னு போடலையேம்மா" என்றாள் மகள், பலகையைக் காட்டி.

குகன் அண்ணனை என்ன செய்தார்கள் என்று எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் போய்க் கேட்க அப்பா ஒரு முறை சட்டையை மாட்டினார். "கேட்டா, அவனுக்கு நீ யார்றாம்பான்" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.