அக்கா பூசவிடாத சுவர்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரது உடலைக் கல்கோயிலுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே வைத்து அடக்கச் செபம் செய்ததில் உறவினர் பலருக்கு இன்றும் மனத்தாங்கல். உடன்பிறந்த தம்பி நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

தேவாரம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பிறந்தவர் அக்கா. பிள்ளைகள் இருவரும் சிறுகுழந்தைகளாக இருக்கும்போதே மாமா காலமானார். அக்காதான் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தே இரண்டு பெண்களையும் ஆசிரியைகளாக்கினார். அவர் வாய்க்குப் பயந்து கங்காணியே ஒதுங்கி நடப்பாராம். கோயிலைக் கூட்டும்போது மட்டும் பேச்சே வராது.

எங்கள் பாட்டன்மார் கல் சுமந்து கட்டிய சின்னக் கோயில் அது. திருவிழாவுக்கு முன் மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது, பிள்ளை வரம் கேட்போரின் நேர்த்திக்கடன். பூச்சின்மேல் பூச்சாக ஏறியதில், உள்ளே கல் விலகுவது யார் கண்ணுக்கும் படவில்லை. ஓர் ஐப்பசி மழையில் காரை பெயர்ந்து விழுந்தபோதுதான் அக்கா வெடிப்பைப் பார்த்தார். அதன்பின் அந்த இடத்தில் யாரையும் பூசவிடவில்லை.

"ஏத்தா, திருவிழாவுக்கு வாற சனம் என்ன நெனைக்கும்? அங்கன மட்டும் அசிங்கமா நிக்கிது" என்றார் கோயில் நிர்வாகி.

"நெனச்சா நெனைக்கட்டும்ணே. மூடி வச்சா வெடிப்பு வளருதா நிக்கிதான்னு எப்பிடித் தெரியும்?"

தீக்குச்சி நுழைந்த வெடிப்பில் பிறகு சுண்டுவிரல் நுழைந்தது. பிரித்துக் கட்டச் சொன்னார். பாட்டன் வைத்த கல்லைப் பிரிப்பதா என்று ஊர் மறுத்துவிட்டது. அபசகுனம் பேசுகிறாள் என்றும் சொன்னார்கள். ஊர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

நெஞ்சுவலியோடு தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே தம்பி, என்னைய உள்ள கொண்டு போகாதீக. எனக்காக ஊரே உள்ள வந்து கூடும். அந்தச் செவரு தாங்காது."

தன் சாவிலும் ஊர்ச் சனத்தை நினைத்த மனுஷி. அவர் சொல்லை எப்படித் தட்டுவோம்?

மருத்துவமனையில் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், பெட்டியைச் சுமந்த பிள்ளைகளுக்கும், நினைவுப் பூசையை வெளியிலேயே வைக்க இசைந்த பங்குத்தந்தைக்கும், பந்தல் போட்டுத் தந்த மைத்துனருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சென்ற வாரம், அக்காவுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி, நிர்வாகத்தார் அந்த இடத்தையும் சேர்த்துச் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். ஈரம் காயாத வெள்ளையில் மேலிருந்து தரை வரைக்கும் கோடு ஓடியிருந்தது. அதன் கீழே மணல் உதிர்ந்து கிடந்தது.

நினைவு நாளுக்கு வருகிற அனைவரும் பந்தலிலேயே அமருங்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் நனையுங்கள், கோயிலுக்குள் ஒதுங்காதீர்கள்.