கல்யாண வீடியோவில் என் கை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காரைக்காலில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. நான் இந்த ஊரில் ஒரு நர்சிங் கல்லூரியில் முதலாமாண்டு மாணவிகளுக்கு மனித உடலமைப்பும் உடலியக்கமும் பாடம் எடுக்கிறேன். பல வருடங்களாக அதே பாடம், அதே படங்கள், அதே தலைவலி.

தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை எபிகிளாட்டிஸ் என்ற மடல் மூடிக்கொள்ளும். மூடத் தவறினால் புரையேறும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தாலும், புரையேறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பாதி வகுப்பு உச்சந்தலையில் தட்டுவோம் என்கிறது. யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று அர்த்தமாம், அதையும் ஒருத்தி சேர்த்துக்கொள்வாள். உச்சந்தலைக்கும் மூச்சுக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

அந்த வருட வகுப்பில் ஒரு பெண் என் பொறுமையை ரொம்பவே சோதித்தாள். படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொன்னால் எபிகிளாட்டிஸ் இருக்குமிடத்தில் 'சின்ன மூடி' என்று எழுதிவைப்பாள். இரண்டு தேர்வில் பெயிலாக்கினேன். ஆனால் செய்முறை வகுப்பு என்றால் விடமாட்டாள். மணி அடித்த பிறகும் பக்கத்திலிருப்பவளைக் குனியவைத்து, முதுகில் எந்த இடத்தில் தட்டுவது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் பெயரைப் படி என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

அவளுடைய அக்காவுக்குத்தான் கல்யாணம். நாங்கள் குடியிருக்கும் கோவில்பத்திலிருந்து நானும் கணவரும் பைக்கில் போனோம். கல்லூரிக்காரர்கள் எல்லோருக்கும் மாடியில் தனியாகச் சாப்பாடு. பிரியாணி, தால்ச்சா, தயிர்ப்பச்சடி.

என் கணவருக்குப் பேசாமல் சாப்பிடத் தெரியாது. அன்றைக்கு அலுவலக மேலாளரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டே கறித்துண்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். "முழுங்கிட்டுப் பேசுங்களேன்" என்றேன். "இங்கயும் பாடமா?" என்றவர், தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

இரண்டு முறை இருமினார். பிறகு இருமல் நின்றுவிட்டது. இருமல் இருக்கும்வரை காற்று போகிறது என்று அர்த்தம், அது நின்றால்தான் ஆபத்து என்று வகுப்பில் நூறு முறை சொன்னவள் நான். அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது, சத்தமே வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

உடனே சுற்றியிருந்த அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். தண்ணீர் கொடுங்கள் என்றார் ஒருவர். வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார் இன்னொருவர். மேலே பார்க்கச் சொல்லி ஒருவர் அவர் முகவாயையே தூக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்தினேன்.

அதற்குள், எங்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அந்தப் பெண் தால்ச்சா வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"மிஸ், கைய எடுங்க" என்றாள். எந்தக் கையைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு கையை அவர் நெஞ்சில் கொடுத்து முன்னால் நன்றாகக் குனியவைத்தாள். மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஓங்கி அடித்தாள். நான்காவது அடியில் கறித்துண்டு தட்டில் வந்து விழுந்தது. அவர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் முழுக்க ஆசிரியர் அறையில் இந்தக் கதைதான். கூட்டத்தை நான்தான் விலக்கினேன், அவள் முதுகில் தட்டினாள், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது என்று மனதார நம்பினேன்.

பிறகு கல்யாண வீடியோ வந்தது. தான் எங்கே தெரிகிறோம் என்று தேடிக்கொண்டிருந்த என் கணவர் என்னைக் கூப்பிட்டார். திரையில் அவர் மூச்சில்லாமல் தவிக்கிறார். நான் ஊரையே திட்டிக்கொண்டு, அவருடைய உச்சந்தலையில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, அந்தப் பெண் வந்து என்னைத் தள்ளும்வரை.

"இதத்தான் இத்தன வருஷமா சொல்லிக்குடுக்கிறியா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்க அவருக்கு மூச்சு இருந்ததே அவளால்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல் வந்தது, அதற்குப் பிறகு பயம் வந்தது. அவள் கீழே வேறு பந்திக்குப் பரிமாறப் போயிருந்தால்?

மறுநாள் வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அவளை முன்னால் வரச்சொல்லி, என்னையே குனியவைத்து எல்லோருக்கும் செய்து காட்டச் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கி என் முதுகில் கை வைத்தபோதுதான், இவ்வளவு காலமும் பாடம் என் வாயோடு நின்றுவிட்டது, கைக்கு வரவேயில்லை என்று உறைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.