கோபுரம் ஏறும் மருமகள்

ஷஹீராவை ஸைஃபுலுக்குப் பேசி முடித்தபோது, பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். "கைப்பேசி கம்பெனியில" என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டார் ஷஹீராவின் உம்மா. அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கம்பெனியில் ஷஹீராவுக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. காலையில் ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டிலிருந்து கிளம்பி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எந்த மூலையில் கைப்பேசிக் கோபுரம் பழுதாகி நிற்கிறதோ அங்கே போய், இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு ஏறுவதுதான் அவள் வேலை.

ஸைஃபுலுக்கு இது தெரியும். அவன் அம்மா சக்கீனாவுக்குத் தெரியாது. சுங்காயில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அவர், வரப்போகும் மருமகள் குளுகுளு அறையில் கணினியைத் தட்டுகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நிக்காஹ் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஸைஃபுலும் விட்டுவிட்டான்.

அந்தச் சமயம் பார்த்துச் சுங்காயிலேயே வேலை வந்தது.

ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் எஸ்டேட்டாக இருந்து இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஆகிவிட்ட மேட்டில் அந்தக் கோபுரம் நின்றது. சுற்றுவட்டார மக்களின் புகார் ஒன்றுதான். எதிர்முனையில் பேசுகிறவர் குரல் இவர்களுக்குக் கேட்கிறது. இவர்கள் பேசுவது அங்கே போய்ச் சேருவதில்லை. "இதுக்கு வாய் நல்லா இருக்கு, காதுதான் மந்தம்" என்றார் ஷஹீராவோடு வேலை செய்யும் பவித்ரன். கைப்பேசியிலிருந்து வரும் சமிக்ஞை ரொம்ப மெல்லியது. உச்சியில் ஆன்டெனா அதைப் பிடித்தாலும், நீளக் கேபிளில் இறங்கிக் கீழே வருவதற்குள் தேய்ந்துவிடும். அதனால் உச்சியிலேயே ஒரு பெருக்கியைப் பொருத்தி, அங்கேயே அதற்கு வலுவூட்டி இறக்கவேண்டும்.

ஷஹீரா ஏறினாள். பவித்ரன் கீழிருந்து பெருக்கியைக் கயிற்றில் கட்டி அனுப்பினார். அவள் அதை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் பொருத்தி, இணைப்புகளை முறுக்கி, மழைத் தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றிவிட்டு இறங்கினாள். ஈப்போ கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த பதில் நன்றாக இல்லை. இரைச்சல் முன்னைவிடக் கூடிவிட்டதாம்.

முதல் சந்தேகம் அவளுக்குத் தன் கை மேல்தான். ஒரு இணைப்பு தளர்ந்திருந்தாலும் இரைச்சல் கிளம்பும். மறுபடி ஏறி, சுற்றிய டேப்பையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அப்படியென்றால் கோளாறு வெளியே. கைப்பேசிகள் பேசும் அதே அலைவரிசையில் பக்கத்தில் ஏதோ ஒன்று கத்திக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நாள் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த கோபுரத்துக்கு இப்போது அந்தக் கத்தலும் தெளிவாகக் கேட்கிறது.

கையில் பிடிக்கும் ஆன்டெனாவையும் அளவுமானியையும் எடுத்துக்கொண்டு இருவரும் வேனில் ஊருக்குள் போனார்கள். ஒவ்வொரு முச்சந்தியிலும் ஷஹீரா இறங்கி, ஆன்டெனாவை நாலு பக்கமும் திருப்பி, அளவு கூடுகிற பக்கத்தைக் காட்டுவாள். வேன் அந்தப் பக்கம் திரும்பும். கடைசியில் ஒரு முனைக்கடையின் முன் போய் நின்றார்கள். தகரக் கூரைமேல் சின்னதாக ஒரு ஆன்டெனா தெரிந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஷஹீராவின் முகம் வாடிவிட்டது. சக்கீனாவின் கடை.

பவித்ரனுக்கு விஷயம் தெரியும். "நீ வண்டியிலேயே இரும்மா. நான் பேசிட்டு வாரேன்."

அப்படியே இருந்துவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. "வேணாண்ணே. இன்னைக்கு ஒளிஞ்சா கல்யாணத்துக்கு அப்புறமும் ஒளியணும்" என்று இறங்கினாள்.

தலைக்கவசம், சேறு அப்பிய பூட்ஸ், இடுப்பு வார். கல்லாவில் இருந்த சக்கீனா அவளை முதலில் அடையாளம் காணவில்லை. ஸலாம் சொல்லி "மாமி" என்றதும் எழுந்து நின்றுவிட்டார். அவர் ஏதும் கேட்பதற்குள் ஷஹீரா வந்த காரியத்தைச் சொன்னாள்.

கடைக்குள் லைன் கிடைப்பதில்லை என்று இணையத்தில் வாங்கி மாட்டிய, சமிக்ஞையைக் கூட்டும் பூஸ்டர் அது. அனுமதி இல்லாமல் அதை மாட்டக்கூடாது என்று விற்றவன் சொல்லவில்லை. அதன் ஆன்டெனாக்கள் இரண்டும், கூரைமேல் இருப்பதும் கடைக்குள் இருப்பதும், ரொம்பக் கிட்டே இருந்தன. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூ என்று கத்துமே, அதேபோல இதுவும் நாள் முழுக்கக் கத்துகிறது, நம் காதுக்குக் கேட்காது, கோபுரத்துக்குக் கேட்கும் என்று விளக்கினாள்.

"இது இல்லன்னா லாரிக்காரங்கெல்லாம் எதிர்க்கடைக்குப் போயிருவாங்க லா" என்றார் சக்கீனா. "அணைச்சா எனக்கு லைன் வருமா?"

"அணைச்சுப் பாத்தாத்தான் மாமி தெரியும்."

சக்கீனா தானே போய் சுவிட்சை அணைத்தார். வாசலில் நின்ற பவித்ரன் ஈப்போவைக் கூப்பிட்டுக் கேட்டார். இரைச்சல் மறைந்துவிட்டது. சக்கீனா கைப்பேசியோடு அடுப்படி வரைக்கும் போய் மகனை அழைத்தார். ஒரு சொல்கூட அறுபடாமல் போனது.

"உன் பொண்டாட்டியா வரப்போறவ கோபுரம் ஏறுறவன்னு ஏன்டா என்கிட்ட சொல்லல?"

மறுமுனையில் சத்தமே இல்லை. ஆனால் அது லைன் கோளாறு அல்ல.

பிறகு இருவரையும் உட்கார வைத்து, மீன் கறியும் சோறும் தானே பரிமாறினார். உச்சியில் நிற்கும்போது பயமாக இருக்காதா என்று கேட்டார்.

"அங்கே இல்ல மாமி. இந்தக் கடைக்குள்ள வரும்போதுதான் இருந்துச்சு."

சக்கீனா சிரித்த சிரிப்பில் மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆண்டுக் கடைசி பள்ளி விடுமுறையில் நிக்காஹ் நடந்தது. ஷஹீரா இப்போதும் ஏறுகிறாள். போன வாரம் ஆயர் தாவாரில் ஒரு கோபுரத்தில் இருந்தாள். வானம் கறுத்தால் சக்கீனா கூப்பிட்டு, இறங்கிவிட்டாளா என்று கேட்பார். அவள் மேலே இருந்தால் எடுக்கமாட்டாள் என்று தெரிந்து, இப்போதெல்லாம் நேராகப் பவித்ரனைத்தான் அழைக்கிறார்.