மூடி வைக்க மிச்சமில்லை

நொறுக்குத்தீனி வியாபாரத்தில் நாங்கள் விற்றதெல்லாம் மொறுமொறுப்பைத்தான். மிக்சர், காராபூந்தி என்பதெல்லாம் அதற்கு வைத்த பெயர்கள்.

பாக்கெட்டைப் பிரித்துப் பாதி தின்றுவிட்டு, மீதியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்து, மறுநாள் வாயில் போட்டால் சவசவ என்றிருக்கும் துயரம் உங்களுக்கும் தெரிந்ததுதான். இதற்கு ஒரு ஜிப் வைத்தால் என்ன கேடு என்று கம்பெனிக்காரனைத் திட்டியும் இருப்பீர்கள். நான் அப்படி ஜிப் வைத்துப் பார்த்தவன். செல்போன் புதிதாகக் கைக்கு வந்திருந்த இரண்டாயிரங்களில், ஓசூரில் ஒரு சின்ன மிக்சர் கம்பெனியில் லைன் சேல்ஸ்மேனாக இருந்தேன். டெம்போவில் சரக்கை ஏற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் வேலை. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அங்கே வெயிலில் எதுவும் நமத்துப் போகாது. நமத்துப் போவது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது, கர்நாடக எல்லையை ஒட்டிய தளிதான்.

தளிக் குளிர்

தளியில் கௌரம்மா என்று ஒரு கடைக்காரம்மா. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. எங்கள் அரைக்கிலோ பாக்கெட்டைப் பிரித்து வைத்துச் சில்லறையாகவும் விற்பார். அந்த ஊர்க் குளிருக்கு, காலையில் பிரித்தது சாயங்காலத்துக்குள் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். பூக்கட்டும் நூலால் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டியும் பார்த்தார். பலனில்லை.

ஒரு நாள் நான் போனதும் பாக்கெட்டைத் தூக்கி என் முன்னால் வைத்தார். இன்றைக்குத் தெலுங்குதான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ தமிழில் சாந்தமாகவே சொன்னார்: "பரவால்ல சார், பல்லு போன எங்க மாமியாரு உங்க மிக்சருதான் வேணும்னு கேக்கறாங்க."

காற்றுக்குக் கதவு

அந்தச் சொல் உறுத்தியது. நேரே முதலாளியிடம் போய், பெரிய பாக்கெட்டுக்கு ஜிப் வைத்தால் தளியென்ன, ஊட்டியிலேயே விற்கலாம் என்று அளந்துவிட்டேன். அளந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. காவேரிப்பட்டினத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். ஓசூர் மாப்பிள்ளை என்றால் அந்தப் பக்கம் முதலில் கேட்பது, பையன் பெர்மனன்ட்டா கான்ட்ராக்ட்டா என்றுதான், ஜாதகமெல்லாம் அப்புறம். நான் கான்ட்ராக்ட். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு லோடு போட்டுப் பார்ப்போம், கடைக்காரர்கள் இரண்டாம் தடவை கேட்டால் உனக்கு பெர்மனன்ட் ஆர்டர் என்றார். எனக்கு அப்போதே மேளச்சத்தம் கேட்டது.

மெஷின் ஓட்டும் மல்லேஷுக்கு மட்டும் முகம் கோணியது. அவருடைய மெஷின் பிளாஸ்டிக் ரோலிலிருந்து கவர் செய்து, மிக்சரைக் கொட்டி, நமத்துப் போகாமல் இருக்க நைட்ரஜனை அடைத்து, ஒட்டி வெட்டித் தள்ளும். எல்லாம் ஒரே மூச்சில். ஜிப்பை அதில் சேர்க்க வழியில்லை. ஜிப் வைத்த கவரைத் தனியாக வாங்கி, பெண்கள் உட்கார்ந்து கையால் நிரப்பி ஒட்டவேண்டும். ஒரு நாள் வேலை நாலு நாளாகும். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவருக்குப் பிடிபடாதது வேறு: "உள்ள இருந்த நல்ல காத்த எல்லாம் வெளிய விட்டுட்டு, அப்புறமா கதவு சாத்தி இன்னாணா பிரயோஜனம்?"

கத்தரிக்கோல்

சரக்கு கடைக்குப் போன வாரமே, நான் குடியிருந்த லைன் வீட்டில் எதிர்வீட்டு அக்கா எங்கள் ஜிப் பாக்கெட் வாங்கியிருந்தார். பெருமை தாங்காமல், எப்படி இருக்கிறது என்று போய்க் கேட்டேன். மிக்சர் நன்றாகத்தான் இருக்கிறது, கவர்தான் வாயில் தடிப்பாக இருந்து வெட்ட வரவில்லை, கீழே தள்ளி வெட்டினேன் என்றார். குப்பைக்கூடையில் எட்டிப் பார்த்தேன். ஜிப் முழுசாக, மூடியபடியே, ஒரு பட்டையாகக் கிடந்தது.

பாக்கெட் வந்ததும் வாயை வெட்டி டப்பாவில் கொட்டுவது அவர் வீட்டு வழக்கம். ஜிப்புக்கு மேலே கத்தரி ஓடவேண்டிய கோட்டை நாங்கள் அச்சடித்திருந்தோம். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பொறுமையாக விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு எனக்காக ரொம்பவே வருத்தப்பட்டார். "ஐயோ, அது மூடியா தம்பி? நம்ம டப்பாக்குத்தான் மூடி இருக்கே."

சத்தியம்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்காரர், நான் போட்ட பாக்கெட்டை எல்லாம் அட்டைப்பெட்டியில் திரும்பக் கட்டி வைத்திருந்தார். ஒன்றுகூடப் போகவில்லையாம். வாங்க வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், ஜிப்பைத் தடவுகிறார்கள், வைத்துவிட்டுப் பக்கத்தில் உள்ள சாதாப் பாக்கெட்டை எடுக்கிறார்கள். ஜிப்புக்கு மேலே ஒட்டித்தானே இருக்கிறது, பிரித்தால் தெரியுமே என்று வாதாடினேன்.

அவர் பெட்டியைத் தூக்கி டெம்போவில் தானே ஏற்றினார். பஸ் கிளம்பும் அவசரத்தில் வாங்குகிறவன் ஒட்டு இருக்கிறதா என்று ஆராய மாட்டான் என்று விளக்கினார். பிறகு தோளில் தட்டிக் கேட்டார்: "திறந்து மூடற பாக்கெட்ட எவனும் இதுக்கு முன்னாடி திறக்கலைன்னு நான் யாராருக்குப்பா சத்தியம் பண்றது?"

தட்டு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை கேட் எதிரே ஒரு டீக்கடை. ஷிப்ட் முடிந்து நீலச்சட்டைக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். இவர்களாவது வாங்குவார்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். வாங்கத்தான் செய்தார்கள். வாங்கியதும், திருநெல்வேலிக்காரர் ஒருவர் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலிருந்து கீழாக நெடுக்கக் கிழித்தார். ஜிப் இரண்டு துண்டு. கவரை பெஞ்சின்மேல் தட்டு மாதிரி விரித்தார். சேலம், தர்மபுரி, மதுரை என்று எட்டுப் பத்துக் கைகள் இறங்கின.

அடுத்த பாக்கெட்டை நான் வாங்கி, ஜிப்பைத் திறந்து காட்டினேன், மூடியும் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார்கள். அப்புறம் திருநெல்வேலிக்காரர் அதையும் என் கையிலிருந்து வாங்கி நெடுக்கக் கிழித்து விரித்தார். என் பக்கமாக ஒரு பிடியைத் தள்ளிவிட்டார். ஊரைவிட்டு வந்து நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த ஒரு பிடிக்காக மனசு எவ்வளவு இளகியது என்பதை இப்போதுதான் சொல்கிறேன். அவர் மென்றுகொண்டே கேட்டார்: "பத்து பேரு கை வைக்கோம்ணே, மூடி வைக்க இதுல என்னத்த மிஞ்சப்போவுது?"

காவேரிப்பட்டினம்

இரண்டாம் ஆர்டர் வரவில்லை. ஒரே ஒரு விசாரிப்பு வந்தது, கௌரம்மாவிடமிருந்து: மழையில் செல்போன் நனையாமல் வைக்க வெறும் கவர் மட்டும் கிடைக்குமா என்று. முதலாளி ஜிப்பை நிறுத்தினார். பெர்மனன்ட் பேச்சும் அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினம் போனேன். தரகர் வாயால் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று பட்டது. கையில் மிச்சம் விழுந்த இரண்டு ஜிப் பாக்கெட். பெண்ணின் அப்பா மாந்தோப்புக்காரர், அதிகம் பேசாதவர். பெர்மனன்ட் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். ஏன் என்றார். தளி மாமியாரில் தொடங்கி டீக்கடைத் தட்டு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. பார்க்கலாம் தம்பி, சொல்லி அனுப்புகிறோம் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் "பார்க்கலாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று சேல்ஸ்மேனுக்குத் தெரியாதா? செருப்பைத் தேடினேன்.

அப்போது அந்தப் பெண், செல்வி, வெளியே வந்தாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்திருந்தேன். நான் கொண்டுபோன பாக்கெட் அவள் கையில் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அதை நெடுக்கக் கிழித்தாள். ஸ்டூலின்மேல் தட்டு மாதிரி விரித்து வைத்தாள். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "பிரிச்சாச்சுப்பா. தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க."

அவர் உட்கார்ந்தார், தை மாதம் கல்யாணம் நடந்தது, பெர்மனன்ட் ஆர்டர் அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. மிச்சம் வைக்கத் தெரியாத ஜனங்களுக்கு மூடி விற்கப் போனவனுக்கு இதற்குமேல் என்ன கிடைத்துவிடும், சொல்லுங்கள்.