கோவிந்தனின் இரண்டாம் பாதி

பேய், ஆவி, காற்று, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இறந்துபோனவர் வந்து கையெழுத்துப் போட்டதாகச் சொல்லும் பத்திரங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் உயிருள்ள மைத்துனர் ஒருவர் இருந்தார். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால், சொல்பவரை வைத்தியரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

கால்பந்துப் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் ஆட்டம் எங்கே பார்த்தாய் என்ற பேச்சு வந்தே தீரும். ஒருவர் அப்பாவின் தோள்மீது உட்கார்ந்து பார்த்தேன் என்பார், ஒருவர் மதில் ஏறிப் பார்த்தேன் என்பார். நான் நாற்காலி மேசை போட்டு, மசித் தகடும் உருளையுமாக, அரசாங்க முகத்தோடு பார்த்தேன். வெள்ளைக்காரன் காலம், முப்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய மைதானம். நள்ளிரவு, அமாவாசை எதுவும் கிடையாது; மாலை நாலரை மணி, கண் கூசும் வெயில்.

நான் அங்கே போனதற்குக் காரணம் விளையாட்டு ஆசை அல்ல. முந்தைய வருடம் கேடயப் போட்டியில் ஒரு தகராறு. தோல் பதனிடும் தொழிற்சாலைக் குழுக்களில் அந்தந்தத் தொழிற்சாலையின் ஆள்கணக்கில் இருப்பவர்கள்தான் ஆடலாம் என்பது விதி. ஆம்பூர்க் குழுவில் கோவிந்தன் என்பவனுக்குக் காய்ச்சல். அவன் பெயரில் அவனுடைய தம்பி ஏழுமலை ஆடியிருக்கிறான். ஏழுமலை ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்பவன். இடைவேளையில் குட்டு வெளிப்பட்டு, ஊரே பார்க்க அவன் கையைப் பிடித்து மைதானத்துக்கு வெளியே இழுத்து விட்டார்கள். ஆட்டம் வேலூருக்குப் போனது.

அதனால் இந்த வருடம் போட்டிக் குழு ஒரு பிரமாதமான யோசனை செய்தது. ஆட்டத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, ஒவ்வொருவரிடமும் இடது கட்டைவிரல் ரேகை எடுப்பது. இரண்டும் ஒத்துப்போனால் ஆள் மாறவில்லை. ஆட்டத்துக்கு முன்னாலேயே மாறி வந்து நின்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. இதற்கு ரேகை எடுக்கத் தெரிந்த குமாஸ்தா வேண்டுமே என்று என்னை அழைத்தார்கள்.

முதலில் வேலூர்க்காரர்கள் வந்தார்கள். பூட்ஸ் போட்ட ஆபீஸ் ஆட்கள். பதினோரு ரேகையும் அச்சடித்த மாதிரி விழுந்தது. பிறகு ஆம்பூர்க்காரர்கள் வந்தார்கள். ஊருக்கெல்லாம் செருப்புக்குத் தோல் பதனிடுபவர்கள், பதினோரு பேரும் வெறுங்கால். குழுத் தலைவன் காசிம் முதலில் விரலை நீட்டினான். மசி தடவி, ஓரத்திலிருந்து ஓரம்வரை உருட்டி எடுத்தேன். தாளில் ஒரு கறுப்பு முட்டை. ரேகை இல்லை. மசி அதிகம் என்று துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடி முட்டை.

காசிம் சிரித்தான். "சார், பேஜார் பண்ணிக்காதீங்க. சுண்ணாம்புக் குழியில பத்து வருஷம் நின்னா ரேகை எங்கேருந்து வரும்? தோலுல இருக்கிற மயிரையே தின்னுடுது, எங்க விரல விட்டு வெக்குமா?"

எனக்கு முகம் சுண்டிப் போனது. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த வேலைதான். ஆனாலும் ரேகை எடுக்கலாம் என்று தீர்மானித்த குழுவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சுண்ணாம்புக் குழியில் நிற்பவர்கள் நிலம் வாங்கிப் பத்திரம் பதிய எங்கள் அலுவலகத்துக்கு வருவதில்லை, அதனால் அவர்களுடைய விரலை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் விதி விதிதான். வரிசையாகப் பத்து முட்டை எடுத்தேன்.

பதினோராவது ஆள் கோவிந்தன். இருபத்தைந்து வயது, ஒல்லி, பேச்சு கம்மி. விரலை உருட்டி எடுத்துத் தாளைப் பார்த்தேன். ரேகை பளிச்சென்று விழுந்திருந்தது. நல்ல சுழி, நடுவில் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு, அரிவாள் பட்ட பழைய தழும்பு விடும் கோடு.

இவன் குழியில் வேலை செய்கிறவன் இல்லை, வேற்றாள், பிடித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "எத்தனை வருஷமாக வேலை?" என்றேன்.

"ஒம்பது வருஷங்க. சுண்ணாம்புக் குழிதாங்க."

"கையைக் காட்டு."

காட்டினான். வெள்ளை பூத்து வெடித்த உள்ளங்கை. கட்டைவிரல் ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது. சுழி இல்லை, தழும்பும் இல்லை. என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பிறகு மறுபடி மசி தடவித் தாளில் உருட்டினேன். அதே சுழி, அதே கோடு. மூன்றாவது தடவையும் அதேதான். வழுக்கைக் கல்லை மசியில் தோய்த்து வைத்தால் பூக்கோலம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை. என் தகட்டில்தான் ஏதோ கோளாறு என்று எரிச்சல் வந்தது.

அதற்குள் கோட்டு போட்ட வேலூர் மானேஜர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார். பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். போன வருடம் ஏழுமலையிடம் எழுதி வாங்கிய ஒப்புதல், கீழே அவனுடைய கைநாட்டு. அதே சுழி. குறுக்கே அதே வெள்ளைக் கோடு.

"பாத்தீங்களா சார்! அதே ஆளு! போன வருஷம் தொரத்துனோம், இந்த வருஷம் மீசைய எடுத்துட்டு வந்து நிக்கிறான்!"

கோவிந்தன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் செத்து எட்டு மாசம் ஆவுதுங்க" என்றான். "காலராவுல போய்ட்டான். கடேசி நாள்கூட அந்தப் பாதி ஆட்டத்தப் பத்தித்தான் பேசிக்கினு இருந்தான். என் பேருக்காக ஆடப்போயித்தான அவனக் கையப் புடிச்சி இழுத்தாங்க? அந்தப் பேருல இன்னைக்கி நான் முழுசா ஆடியே தீரணும். ஐயா, அடிச்சாலும் நான் போவமாட்டேன்."

"இவன் இல்லன்னா பத்து பேருதான் சார்" என்றான் காசிம். "ஆளும் கம்மி, மானமும் கம்மின்னு ஆயிடும்."

இருபுறமும் கூட்டம் கத்துகிறது. ரேகை தெளிவில்லாத இடத்தில் ஆளைத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டலாம் என்பது எங்கள் நடைமுறை. ரேகை தேவைக்கு மேல் தெளிவாக இருக்கும் இடத்தில் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. அந்தச் சாட்சி நடைமுறையையே இதற்கும் பொருத்திக்கொண்டேன். தொழிற்சாலை மேஸ்திரியைக் கூப்பிட்டேன். இவன் கோவிந்தன்தான் என்று சொன்னார். இரண்டாவது சாட்சியாக மானேஜரையே கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, விரலில் தழும்பு இருக்கிறதா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்."

போட்டார். கோவிந்தனை இறக்கினேன்.

எனக்கு ஆட்டம் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்காக எதற்கு இப்படி என்று தோன்றியது. ஆனால் நான் எல்லோரையும் பார்க்கவில்லை. கோவிந்தன் ஒருவனை மட்டும் பார்த்தேன். ஆள் மாறினால் அது என் கண்ணெதிரில்தான் மாற வேண்டும் என்று வைராக்கியம். முதல் பாதியில் அவன் ஓடினான், விழுந்தான், எழுந்தான், பந்தைத் தவிர எல்லாவற்றையும் உதைத்தான். வேலூர் ஒரு கோல் போட்டது. இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். கோவிந்தன் மட்டும் போன வருடம் தம்பியை இழுத்து விட்ட கோட்டருகே போய் உட்கார்ந்து முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அப்போதும் என் கண் அவன்மேல்தான். அவன் பக்கத்தில் யாரும் போகவில்லை, யாரும் வரவில்லை.

ஊதல் கேட்டு எழுந்தவன் வேறு மாதிரி நடந்தான். அதை எப்படிச் சொல்வது? கொல்லையில் பாத்தி தாண்டிப் போகிறவன் கால் தூக்கி வைப்பது போல. முதல் பாதியில் வலது காலால் தட்டுத் தடுமாறியவன், இப்போது இடது காலால் பந்தை இழுத்துக்கொண்டு, பூட்ஸ் கால்களுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போனான். ஒரு கோல். கூட்டம் எழுந்தது. ஆட்டம் புரியாத நானும் எழுந்துவிட்டேன், மேசையில் மசிப் புட்டி உருண்டது, நான் அதைக்கூட எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பந்து மறுபடி அவனிடம் போனபோது எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த காசிம் கையைத் தூக்கிக் கத்தினான்: "ஏழுமல! இங்க குடு, ஏழுமல!"

கத்திவிட்டு அவனே நின்றுவிட்டான். பக்கத்தில் இருந்தவர்களும் நின்றார்கள். கோவிந்தன் நிற்கவில்லை. பந்தைக் கொடுக்கவும் இல்லை. நேராகப் போய் இரண்டாவது கோலையும் போட்டான். ஆம்பூர் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் யாரையும் கலைய விடாமல் வரிசையில் நிறுத்தினேன். பத்து முட்டை. பதினோராவதாகக் கோவிந்தன் விரலை உருட்டினேன். அதுவும் முட்டை. கறுப்பாக, மொழுமொழுவென்று, காசிமுடையதைப் போலவே.

மானேஜர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தார். "முன்னாடி ஒரு ரேகை, பின்னாடி வேற. அப்போ உள்ள போய் ஆடுனது யாரு?"

"புகார் எழுதிக் கொடுங்கள்" என்றேன். "உள்ளே ஆடியது இன்னார் என்று பெயர் போட்டு. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆள் மாறவில்லை, அதையும் கீழே எழுதித் தருகிறேன்."

பேனாவை எடுத்தார். காகிதத்தைப் பார்த்தார். ஏழுமலை என்று எழுதினால், எட்டு மாதம் முன்பு செத்தவன் ரெண்டு கோல் போட்டுத் தங்களைத் தோற்கடித்தான் என்று வேலூரில் போய்ச் சொல்ல வேண்டும். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு போனார். செத்தவர் மேல் புகார் கொடுக்க நம்மிடம் படிவம் இல்லை. 'ஆள் மாறவில்லை' என்று நான் எழுதிக் கையெழுத்திட்டேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய சான்றுகளில் அது ஒன்றுதான் மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியாதது.

கூட்டம் கேடயத்தோடு காசிமைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனது. நான் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோவிந்தன் மட்டும் வந்து நின்றான். முழங்காலில் ரத்தம், உடம்பெல்லாம் மண்.

"ஐயா, ரெண்டாவது பாதி எப்போங்க ஆரம்பிக்கும்?"

விளையாடுகிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

"முடிந்துவிட்டதப்பா. ஜெயித்துவிட்டீர்கள். ரெண்டு கோலும் நீதான் போட்டாய்."

அவன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். இடது காலைத் தூக்கி, பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டான்.

"சிரிச்சானாங்களா?"

யார் என்று நான் கேட்கவில்லை. "சிரித்தான்" என்றேன். கோவிந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பொய் சொல்லவில்லை. இரண்டாவது கோல் போட்டதும் தோழர்கள் கட்டிப்பிடிக்க ஓடி வந்தபோது, அவன் அவர்களிடம் போகாமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துவிட்டுத் திரும்பி ஓடினான். நாலடி தூரம், வெயில் அவன் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்பில் மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. என் எதிரில் வாய்விட்டு அழுத கோவிந்தனுக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

ஏழுமலையை நான் உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவனுக்கு முன்பல் இருந்ததா என்று காசிமிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான். பிறகு எத்தனையோ ஆட்டங்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒன்றையும் விசாரிக்காமல் விடாத நான், இதை மட்டும் அவனிடம் கேட்கவே இல்லை.