அடுப்படிப் பெரட்டு

எங்கள் பாடசாலையில் காலைப் பிரார்த்தனை தொடங்கிய பிறகு வருகிற பிள்ளைகள் கேற்றுக்குப் பக்கத்தில் தனி வரிசையாக நிற்க வேண்டும். அந்த வரிசையைக் கண்காணிக்கும் பொறுப்பை அதிபர் என்னிடம்தான் கொடுத்திருந்தார். அதில் ஒரு சின்னச் சிக்கல். எல்லாரும் வரிசையில் நின்ற பிறகுதான் நான் வந்து சேர்வேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். என்னைக் கண்டதும் கொஞ்சம் ஒதுங்கி எனக்கும் இடம் விடுவார்கள்.

"வாங்க சேர், இன்னைக்கு நீங்க பதினொன்னாவது" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மரியாதையாகவே சொல்வாள்.

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். மஸ்கெலியாக் குளிருக்குக் காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு நிற்பார். மணிக்கூட்டைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். "நீர் வந்திட்டீர் எண்டால் ஏழே முக்கால் ஆகிட்டுது, மாஸ்டர். வகுப்பைத் தொடங்குவம்" என்பார். என் வீட்டுக்கும் பாடசாலைக்கும் நடை தூரம் பத்து நிமிடம். இறக்கம் வேறு.

நேரத்தோடு நான் சமாதானமாகப் போக முயலாமல் இல்லை. ஐந்து வருடத்தில் ஐந்து டயரி வாங்கினேன். தைப்பொங்கலைக் கண்ட டயரி ஒன்றுகூட அவற்றில் இல்லை. போனில் எட்டு அலாரம் வைத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாரும் நேரத்துக்கு எழும்பினார்கள்.

இப்படிப்பட்ட நான், அப்போது உதவி ஆசிரியர். பயிற்சி எல்லாம் முடித்தாயிற்று. கடைசியாக ஓர் ஆய்வு எழுதிக் கொடுத்தால்தான் ஆசிரியராக நிரந்தரம் ஆக்குவார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு: 'தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பிந்தி வருவதற்கான காரணங்களும் தீர்வுகளும்.' அதிபர் அதைப் பார்த்துவிட்டு, "உம்மை விடப் பொருத்தமான ஆள் இந்த மாகாணத்திலயே இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிந்துவதைப் பற்றிய அந்த ஆய்வு இரண்டு முறை பிந்தியது. இரண்டு முறையும் ஹட்டன் பயிற்சி நிலையத்தில் கெஞ்சி அவகாசம் வாங்கினேன். மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது. ஏழு வாரம் தருகிறோம், ஏழாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் கொடுக்காவிட்டால் முதலாம் வருடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்றது கடிதம்.

நான் சந்தோஷப்பட்டேன். "ஏழு வாரம் இருக்கு! தாராளம்!"

என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். விடியக் காலையில் எல்லாரும் களத்தில் கூடி, யார் எந்த மலைக்கு, எந்த நிரைக்கு என்று வேலை பிரித்து வாங்குகிற பெரட்டுக்கு, பதினான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவள் பிந்திப் போனதில்லை.

"ஏழு வாரம் இல்லங்க. ஏழு ரவுண்டு" என்றாள்.

"ரெண்டும் ஒன்னுதானே?"

"ஒன்னுதான். ஆனா வாரம்னா நீங்க படுத்துக் கெடப்பீங்க. ரவுண்டுன்னா எந்திரிக்கணும்."

ரவுண்டு என்றால் இதுதான்: இன்று ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழாம் நாள் அதே மலைக்குத் திரும்ப வேண்டும். பிந்தினால் கொழுந்து முத்திவிடும், ஃபெக்டரியில் கழிப்பார்கள். நடுவில் வருகிற நாட்களுக்கு வேறு வேறு மலைகள். இந்தக் கணக்கைத் தேயிலை நடுவிலேயே பிறந்து வளர்ந்த நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இது எனக்கும் பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நான் படித்தவன் அல்லவா.

அவள் என் சோக்கட்டியை எடுத்தாள். புகை படிந்த அடுப்படிச் சுவரில் ஆறு கட்டம் போட்டாள். "ஒங்க ஆய்வுல என்னென்ன வேல இருக்கு, சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பிள்ளைகளிடம் கேள்விக்கொத்து நிரப்பி வாங்குவது ஒன்றாம் நம்பர் மலை. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசுவது இரண்டு. புத்தகம் வாசித்துக் குறிப்பெடுப்பது மூன்று. இப்படியே போய், ஐந்தாம் நம்பர் மலை புள்ளிவிவர அட்டவணைகள். ஆறு, எழுத்து. ஒருநாளைக்கு ஒரு மலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு மணித்தியாலம், அவ்வளவுதான்.

"அஞ்சாம் நம்பருல நிக்கிறப்ப ரெண்டாம் நம்பரு ஞாபகம் வந்தா?" என்று கேட்டேன். என் நோயே அதுதான். ஒன்றைத் தொட்டால் மற்ற ஐந்தும் தலைக்குள் கூச்சல் போடும்.

"வரட்டும். அதுக்குன்னு ஒரு நாளு இருக்குல்ல. திரும்பி எப்ப வருவோம்னு தெரிஞ்சாத்தாங்க ஒரு மலைய நிம்மதியா விட்டுட்டு வர முடியும்."

ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தது. எங்கள் லயத்தில் சிங்களத்தில் ஒரு ஃபாரம் வந்தால் அதை நிரப்புகிற ஆள் நான்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் கடிதம் என்று எந்த நேரமும் யாராவது வாசலில் நிற்பார்கள். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. சொன்னால் அறிவாளிப் பட்டம் போய்விடுமே. மனைவி வாசலுக்குப் போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள்: "இனி சேர் ஃபாரம் நெரப்புறது ஞாயித்துக் கெழம காலையிலதான்!"

"ஏன் புள்ள, சேருக்கும் பெரட்டு வெச்சிட்டியா?" என்று எதிர் லயத்து அக்கா சிரித்தார்.

"ஆமாக்கா. அடுப்படியில. காலையில அஞ்சரைக்கு."

உண்மையாகவே நடத்தினாள். விடியக் காலையில் நான் பிளேன்டீயும் ரொட்டியுமாக அடுப்புக்கு முன்னால் நிற்பேன். அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே சுவரைக் காட்டி, "இன்னைக்கு மூணாம் நம்பரு. பராக்குப் பாக்காம எடுங்க" என்பாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும், நான் போய் வந்த மலையின் கட்டத்தில் ஒரு கோடு போடுவாள். சனிக்கிழமை என் கொழுந்தை, அதாவது எழுதிய பக்கங்களை, நிறுப்பாள்.

முதல் வாரம் சனிக்கிழமை என்னிடம் இருபத்திரண்டு பக்கம் இருந்தது. கட்டாகத் தட்டி, மேசையில் வைத்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் மேலிருந்த நாலு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, கொழுந்து மூட்டையின் அடியில் கைவிட்டு அள்ளிப் பார்க்கிற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி அடியிலிருந்து உருவினாள். முகப்பு அட்டை, மூன்று மாதிரி. பொருளடக்கம், இரண்டு கலரில். நன்றியுரை, ஐந்து பக்கம்.

"அடியில முத்தல போட்டு மேல கொழுந்த பரப்பியிருக்கீங்க."

"அது வந்து..."

"பதினாலு வருசமா இந்த வேலைய பாத்துக்கிட்டு இருக்கேன். என்கிட்டயேவா? அஞ்சு பக்கம் நன்றி சொல்லியிருக்கீங்களே, அதுல நான் எங்க?"

தேடினேன். பஸ் கண்டக்டருக்குக்கூட நன்றி இருந்தது. அவளுக்கு இல்லை.

"இந்த வாரம் பூரா ஒங்களுக்கு அரைப் பேருதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அரை நாள் வேலை என்றுதான் பதிவார்கள். நான் படித்தவன். அரைப் பேர் வாங்கினேன். அடுத்த நாள் ஞாயிறு ஃபாரம் நிரப்ப வந்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றி விசாரித்தார்கள்.

இரண்டாவது ரவுண்டில் முகப்பு அட்டையைத் தொடவே இல்லை. மூன்றாவதில் கை பழகிவிட்டது. விசித்திரம் என்னவென்றால், ஐந்தரைக்குப் பெரட்டுக்கு எழும்பியவனுக்குக் காலையில் வேறு வேலையே இல்லை. ஒருநாள் பாடசாலைக்குப் போனேன், கேற் பூட்டியிருந்தது. விடுமுறையோ என்று பயந்து போனைப் பார்த்தேன். ஆறே முக்கால். சாவியோடு வந்த அதிபர் என்னைக் கண்டு தொப்பியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், நேற்று வீட்டுக்குப் போகேல்லையோ?"

நாலாவது ரவுண்டில் சறுக்கினேன். ஐந்தாம் நம்பர் மலை அட்டவணைகள். முதல் மூன்று வெள்ளியும் விடைகளை எண்ணிக் குறித்ததோடு ஓட்டிவிட்டேன், இனி அட்டவணை போட்டே ஆக வேண்டும். எனக்கும் எண்களுக்கும் பிறவிப் பகை. அந்த வெள்ளிக்கிழமை வொலிபோல் மெச் ஒன்று வந்து என்னைக் காப்பாற்றியது. அதற்கடுத்த வெள்ளி ஒரு சடங்கு வீடு. ஐந்தாம் கட்டத்தில் வரிசையாக இரண்டு வெறும் இடங்கள். இன்னும் இரண்டு வாரம்தான் மிச்சம். அட்டவணை இல்லாமல் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் முதலாம் வருடம். என்னிடம் படித்த பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போகும்போதும் நான் மாணவன்.

எனக்குப் பழைய பேய் பிடித்தது. "ஒன்னும் வேணாம், ஆறு நாளும் அஞ்சாம் நம்பருலேயே நிக்கப் போறேன். ஒரே மூச்சுல முடிச்சிருவேன்!"

அவள் சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "அந்த ஆறு நாளுல மத்த அஞ்சு மலையும் முத்திரும். பிறகு அதுகள புடிக்க ஓடுவீங்க, இது முத்திரும். இத்தன வருசமா அப்படித்தானே ஓடிக்கிட்டு இருக்கீங்க?"

என் முழு வரலாறும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிப் போயிருந்தது.

"முத்துனது முத்துனதுதான். வெள்ளிக் கெழம வரும். அன்னைக்கு நல்ல கொழுந்தா பாத்து எடுங்க" என்றாள்.

திங்கள் ஒன்றாம் நம்பருக்குப் போனேன். செவ்வாய் இரண்டு. ஐந்தாம் கட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடிதான் போனேன், ஆனால் போனேன். வெள்ளி வந்தது. உட்கார்ந்து பார்த்தால், நான் பயந்த பதினாறு அட்டவணையில் தேவைப்பட்டது நாலே நாலு. மற்றதெல்லாம் முத்தல். கிள்ளிப் போட்டேன். இரண்டே மணித்தியாலத்தில் மூன்று முடிந்தது. நாலாவதை மறுநாள் எழுத்து வேலை சீக்கிரம் முடிந்த பிறகு போட்டேன். பகை இல்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஏழாவது ரவுண்டு பாதியிலேயே கொழுந்து தீர்ந்துவிட்டது. எடுக்க ஒன்றும் இல்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை முதல் பஸ்ஸில் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போனேன். மடியில் ஆய்வு. நன்றியுரை ஒரே பக்கம், முதல் வரியில் அவள்.

பயிற்சி நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மா என் ஆய்வை வாங்கவே இல்லை. "வெள்ளிக்கிழமைதானே கடைசி?" என்றார்.

"ஓம் மிஸ். நான் இன்னைக்கே கொடுக்குறேன்."

"மறுபடி டைம் கேக்க வந்தீங்களோன்னு பாத்தேன்." அவருக்கு என் முகம் ஞாபகம் இருந்திருக்கிறது. இதற்கென்று பதிவுப் புத்தகமே இன்னும் திறக்கவில்லையாம். புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து, கோடு கிழித்து, முதல் வரியில் என் பெயரை எழுதினார். இலக்கம் ஒன்று. பதினொன்றாவதாக நின்று பழகியவன் நான். அந்த ஒன்றை எதிரே நின்று தலைகீழாகப் பார்த்தேன், புத்தகத்தை நேராகத் திருப்பச் சொல்லியும் பார்த்தேன்.

திரும்பி வந்து இறங்கியபோது தோட்டத்தில் பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவள் என் வெறும் கையைப் பார்த்தாள்.

"குடுத்தாச்சு. நம்பர் ஒன்னு" என்றேன்.

அவள் திரும்பி, தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் சத்தமாகச் சொன்னாள்: "ஐயா, சேருக்கு இன்னைக்கு முழுப் பேரு போடுங்க!"

வரிசை முழுவதும் சிரித்தது. எதிர் லயத்து அக்கா விசில் அடித்தார். கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கி, காற்றிலேயே பெரிதாக ஒரு பேர் போட்டார்.

நிரந்தர நியமனக் கடிதம் பிறகு வந்தது. அதைச் சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டினேன், அந்த ஆறு கட்டத்துக்குப் பக்கத்தில். சுவருக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தும் அந்தக் கட்டங்களுக்கு மேல் மட்டும் பூச அவள் விடவில்லை. பாடசாலையில் இப்போதும் பிந்தி வருகிறவர்கள் வரிசைக்கு நான்தான் பொறுப்பு. முன்னால் நின்று பார்க்கும்போதுதான் தெரிகிறது, அது எவ்வளவு நீளம் என்று.